முத்து வெள்ளையின் ஒளியியல்

வெள்ளவத்தையிலிருந்து எழுதியிருக்கும் வாசகி ஒருவர், ஜப்பானில் பாவிக்கப்பட்டு இங்கு இறக்குமதியான முத்து வெள்ளை நிற டொயோட்டா அக்குவா ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கிறார். வாங்கிய நாள் முதல் காலி வீதியில் தமது காரைப் போன்ற கார்களே கண்ணில் படுகின்றன என்று குறிப்பிட்டு, இரண்டு கேள்விகளைக் கேட்கிறார். இத்தனை பேர் ஏன் ஒரே நிறத்தை வாங்குகிறார்கள்? சாதாரண வெள்ளைக்கும் முத்து வெள்ளைக்கும் உண்மையில் என்ன வேறுபாடு?

முதலாவது கேள்விக்கு விடை பெரும்பாலும் சந்தையில் இருக்கிறது. உலகளவில் கடந்த பத்தாண்டுக்கும் மேலாக வெள்ளையே முதலிடத்தில் நிற்கிறது. புதிய கார்களில் ஏறத்தாழ மூன்றிலொன்று வெள்ளை. கறுப்பு, சாம்பல், வெள்ளி ஆகியவற்றையும் சேர்த்தால் நான்கில் மூன்று பங்கைத் தாண்டிவிடும். நம் வீதிகளில் ஓடும் கார்களில் பல ஜப்பானிலிருந்து வருபவை; பாவித்த காராக வருவதன் நிறத்தை, மறுவிற்பனையை மனத்தில் வைத்து அங்குள்ள முதல் உரிமையாளர் முன்பே தெரிவுசெய்துவிட்டார். அவற்றிலும் விரைவில் விலைபோகும் நிறத்தையே நமது இறக்குமதியாளர் ஏலத்தில் எடுக்கிறார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. அந்த இடைக்காலத்தில் கார் என்பது சேமிப்பாகவும் மாறிவிட்டதால், யாரும் விற்கக் கடினமான நிறத்தை விரும்பவில்லை.

தமது காரே எங்கும் தெரிகிறது என்ற உணர்வுக்கு மூளையின் கவனத் தெரிவும் காரணம். முன்பு பொருட்படுத்தாமல் விட்ட ஒன்றைக் கவனிக்கத் தொடங்கியதும் அது திடீரெனப் பெருகிவிட்டதாக மனம் கருதுகிறது. மொழியியலாளர் ஆர்னல்ட் ஸ்விக்கி 2005இல் இதற்கு 'நிகழ்வெண் மாயை' என்ற பொருளில் பெயரிட்டார். எண்கணிதத்தையும் மறந்துவிடக் கூடாது. இருபது கார்களில் ஒன்று அக்குவா என்றும், அவற்றில் பாதி வெள்ளை என்றும் வைத்துக்கொண்டால், இருநூறு கார்கள் நிற்கும் தரிப்பிடத்தில் வாசகியின் காரைப் போன்றவை ஐந்து நிற்கும். அவர் காண்பது முழுவதும் மாயை அன்று.

இனி இரண்டாவது கேள்வி. சாதாரண வெள்ளையிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனெனில் வெள்ளைப் பூச்சில் வெள்ளையான பொருள் என்று ஒன்றும் இல்லை. அதிலுள்ள தைத்தேனியம் ஈரொட்சைட்டின் ஒவ்வொரு துணிக்கையும் கண்ணாடி போல ஒளிபுகும் தன்மையுடையது. கற்கண்டைப் பொடித்தால் வெண்மையாவதைப் போல, எண்ணற்ற எல்லைகளில் ஒளி முறிந்தும் தெறித்தும் எல்லா நிறங்களும் சம அளவில் திரும்பி வருவதால்தான் நமக்கு வெண்மை தெரிகிறது. இப்பொருளின் ரூட்டைல் எனும் பளிங்கு வடிவத்தின் முறிவுச் சுட்டி, அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு, ஏறத்தாழ 2.7; வைரத்தினுடையதோ 2.4தான். அதைச் சூழ்ந்திருக்கும் பிசினின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.5. இந்தப் பெரிய இடைவெளியும், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதியாக, அதாவது 200 முதல் 300 நனோமீற்றர் வரை, துணிக்கைகள் அரைக்கப்படுவதும் சேர்ந்து சிதறலை உச்சத்துக்குக் கொண்டுபோகின்றன.

இதன் மூலப்பொருள் நம் நாட்டிலேயே கிடக்கிறது. திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டைக் கடற்கரையில் உள்ள கறுத்த மணலில் இரும்பும் தைத்தேனியமும் கலந்த இல்மனைட்டு நிறைந்திருக்கிறது. அதைப் பிரித்தெடுத்துப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேற்றிவிட்டு, வெள்ளைப் பூச்சைக் காரோடும் தகரப் பேணியோடும் திரும்ப வாங்குகிறோம். இல்மனைட்டிலிருந்து தூய ஈரொட்சைட்டைப் பெறும் வேதியியல் நமது பல்கலைக்கழகங்களுக்குப் புதிதன்று. ஆய்வுகூட அளவிலிருந்து தொழிற்சாலை அளவுக்குப் போவதற்கான பல்லாண்டு நிதியே தேவைப்படுகிறது. அந்த நிதியைச் செலவாகக் கருதாமல் முதலீடாகக் கருத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முத்து வெள்ளையில் இந்த வெள்ளை அடிப்பூச்சின் மேல் இன்னொரு மெல்லிய, ஒளிபுகும் படை பூசப்படுகிறது. அதனுள்ளே மிதப்பவை மைக்கா என்ற கனிமத்தின் செதில்கள். ஒவ்வொன்றும் சில பத்து மைக்ரோமீற்றர் அகலமும், ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைந்த தடிப்பும் கொண்டது. வியப்பு அந்தச் செதிலின் மேல்தான் இருக்கிறது: அதைச் சுற்றி அதே தைத்தேனியம் ஈரொட்சைட்டு, 40 முதல் 60 நனோமீற்றர் தடிப்புள்ள சவ்வாகப் போர்த்தப்பட்டிருக்கிறது. வந்து விழும் ஒளியில் ஒரு பகுதி சவ்வின் மேற்பரப்பில் தெறிக்கிறது. இன்னொரு பகுதி உள்ளே சென்று, சவ்வும் மைக்காவும் சந்திக்கும் எல்லையில் தெறித்துத் திரும்புகிறது. இரண்டாவது அலை சற்றுக் கூடுதலான தூரம் பயணம் செய்திருப்பதால், இரண்டும் மீண்டும் சேரும்போது சில அலைநீளங்கள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன, சில ஒன்றையொன்று அழிக்கின்றன. உயர்தர பௌதிகவியலில் படித்த தலையீடுதான் இது. சவர்க்காரக் குமிழியில் வர்ணம் காட்டுவதும் இதுவே. 40 முதல் 60 நனோமீற்றர் தடிப்பில் எல்லா நிறங்களும் ஏறத்தாழச் சமமாகத் தெறிப்பதால் வெள்ளி கலந்த வெண்மை கிடைக்கிறது. சவ்வை 60 முதல் 80 நனோமீற்றர் வரை தடிக்கவிட்டால் பொன்னிறம் வரும். இன்னும் தடித்தால் சிவப்பு, பிறகு நீலம், பிறகு பச்சை. சாயம் ஒரு துளியும் சேரவில்லை, தடிப்பு மட்டுமே மாறியிருக்கிறது. எனக்குத் தெரிந்த மட்டில், ஒளி அலை வடிவானது என்பதற்கு நடுவீதியில் காட்டக்கூடிய மிகச் சிறந்த சான்று இதுதான்.

செதில்கள் தாறுமாறாகக் கிடந்தால் இந்த ஒளிர்வு தோன்றாது. அவை தகட்டுக்குச் சமாந்தரமாகப் படுத்திருக்க வேண்டும். அதையும் பூச்சே செய்துகொள்கிறது. விசிறிய ஈரப்படையிலிருந்து கரைப்பான் ஆவியாக ஆவியாகப் படை மெலிந்து, செதில்களைக் கீழ்நோக்கி அழுத்திப் படுக்கவைக்கிறது. அதனால்தான் வெயிலில் நிற்கும் முத்து வெள்ளைக் காரின் பொனட்டில், ஒளி நேராகத் தெறிக்கும் இடம் பளபளக்க, வளைந்து இறங்கும் ஓரம் பால் போன்ற மென்மைக்கு மாறுகிறது.

இந்த நுட்பமே பழுதுபார்ப்பவருக்குத் தலையிடியாகிறது. கதவுத் தூணிலோ என்ஜின் அறையிலோ உள்ள தகட்டைப் பார்த்தால் நிறக் குறியீடு தெரியும். டொயோட்டாவில் 040 என்பது சாதாரண வெள்ளை, 070 என்பது ஒரு முத்து வெள்ளை. 040க்கு நிறம் சரியாகக் கலந்தால் பெரும்பாலும் போதும். 070க்கோ விசிறும் தூரம், காற்றழுத்தம், மைக்காப் படையை எத்தனை தரம் விசிறினார் என்பவற்றில் எது மாறினாலும் செதில்களின் அடர்த்தியும் கிடப்பும் மாறி, புதிய கதவு பழைய உடலோடு ஒட்டாமல் தனித்துத் தெரியும். அனுபவமுள்ள பெயின்டர் முதலில் ஒரு சிறு தகட்டில் அடித்துப் பார்ப்பதும், பக்கத்துப் பலகைவரை மங்கலாக இழுத்துவிடுவதும், கூடுதல் கூலி கேட்பதும் இதனால்தான். அந்தக் கூலி நியாயமானது.

நிறத்தைச் சோதிடரிடம் கேட்டு முடிவுசெய்யும் வழக்கம் கொழும்பில் படித்தவர்களிடமும் இருக்கிறது. ராசிக்கும் பூச்சுக்கும் தொடர்பு இருப்பதாக எந்தச் சான்றும் இல்லை. ஆனால் நிறத்துக்கும் பாதுகாப்புக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பகல் வெளிச்சத்தில் கறுப்புக் கார்களின் விபத்து அபாயம் வெள்ளைக் கார்களைவிட ஏறத்தாழ 12 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2011இல் கலிபோர்னியாவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தினர் கறுப்பிலும் வெள்ளியிலும் ஒரே மாதிரியான இரண்டு ஹொண்டா சிவிக் கார்களை வெயிலில் நிறுத்தி அளந்தபோது, வெள்ளி நிறக் காரின் உட்காற்று 5 முதல் 6 பாகை செல்சியஸ் குறைவாக இருந்தது. நிழலில்லாத தரிப்பிடத்தில் நாள் முழுவதும் காரை விடுபவருக்கு இது சிறிய வேறுபாடு அன்று. ஆயினும் வெப்பத்துக்காக முத்து வெள்ளைக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை; வெயிலைத் திருப்பி அனுப்பும் வேலையில் பெரும்பங்கைச் செய்வது, இரண்டு வெள்ளைகளிலும் அடியிலிருக்கும் அதே ஈரொட்சைட்டுப் படைதான்.