துலக்கி: ஸ்கேன் ஊசிக்கு ஒரு சொல்

ஸ்கேன் எடுக்கப் போனால் "கான்ட்ராஸ்ட் போட்டு எடுக்கணும்" என்பார்கள். சிலர் 'டை' என்பார்கள். வெளியே காத்திருக்கும் உறவினர் வாயில் அது 'மருந்து' ஆகிவிடும். உண்மையில் அது நோயைத் தீர்ப்பதும் இல்லை, எதற்கும் சாயம் ஏற்றுவதும் இல்லை. படத்தில் ஒரே மாதிரி தெரியும் திசுக்களைப் பிரித்துக் காட்டுவதுதான் அதன் வேலை. ஆங்கிலத்தில் அதன் முழுப்பெயர் 'கான்ட்ராஸ்ட் ஏஜென்ட்', அதில் மிகச் சிறிய துகள்கள் இருந்தால் 'நானோ' முன்னால் சேரும். இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது?

லத்தீனில் 'கோன்ட்ரா' என்றால் எதிர், 'ஸ்டாரே' என்றால் நிற்றல். இத்தாலி, பிரெஞ்சு மொழிகள் வழியாக ஓவியர்களிடம் புழங்கி ஆங்கிலத்துக்கு வந்த சொல் 'கான்ட்ராஸ்ட்'. நமக்கும் கருத்து புதிதல்ல, யாப்பில் முரண் தொடை இருக்கிறதே. 'நானோ' என்பதன் வேர் குள்ளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் முன்னொட்டாக 1960இல் அது அனைத்துலக அலகு முறையில் இடம்பெற்றது.

'நானோ' என்ற அந்தப் பெயர் வருவதற்கு முன்பே அவ்வளவு சிறிய துகள்கள் ஊசியில் வந்துவிட்டன. 1930களில் எக்ஸ் கதிர்ப் படங்களுக்காக தோரோட்ராஸ்ட் என்ற கூழ்மத்தை (நுண்துகள்கள் மிதக்கும் திரவத்தை) இரத்தக் குழாயில் ஏற்றினார்கள். அதில் இருந்தவை சில நானோமீட்டர் அளவேயான தோரியம் டைஆக்சைடு துகள்கள். படம் அருமையாக விழுந்தது. ஆனால் கல்லீரலும் மண்ணீரலும் அந்தத் துகள்களை விழுங்கி வைத்துக்கொண்டன. தோரியம் கதிரியக்கம் உள்ளது. பல ஆண்டுகள் கழித்துப் பலருக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது.

அதே விழுங்கும் குணம் பிறகு வேறு விதமாகப் பயன்பட்டது. ஃபெரிடெக்ஸ் என்ற இரும்பு ஆக்சைடு நானோதுகள் கரைசலுக்கு 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. கல்லீரலில் உள்ள குஃப்பர் செல்கள் துகள்களை விழுங்க, எம்ஆர்ஐ படத்தில் நல்ல திசு கறுத்துப்போகும். அந்த செல்கள் இல்லாத புற்றுக்கட்டி வெளுப்பாகத் தனித்துத் தெரியும். கவனியுங்கள், துகள் கட்டிக்குள் போகவே இல்லை!

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'ஒளிரூட்டி' என்றால் மேலே சொன்ன கறுப்புக்குப் பொருந்தாது. 'ஏஜென்ட்' என்பதை அகராதி பார்த்து 'முகவர்' என்று பெயர்த்தால் இன்சூரன்ஸ் பாலிசியோடு ஒருவர் வந்து நிற்பார். 'மாறுபாட்டுப் பொருள்' பிழையில்லை, ஆனால் என்ன மாறுபடுகிறது என்று கேட்க வைக்கும். என் கட்சி 'துலக்கி'. பல் துலக்குவது நினைவுக்கு வந்தால் வரட்டும், துப்புத் துலக்குவதும் அதே வினைதானே. நானோவுக்கு 'மீநுண்' என்கிறார்கள். நுண்ணோக்கி, நுண்ணுயிர் என்று 'நுண்' ஏற்கெனவே மைக்ரோவுக்குப் போய்விட்டதால் 'மீ' தேவைதான். ஆக, மீநுண் துலக்கி. 'நானோ துலக்கி' என்றாலும் எனக்குச் சண்டையில்லை.

அப்புறம், அந்த 'மருந்து'. வெடிமருந்தும் பூச்சிமருந்தும் உள்ள மொழியில் அதை முழுத்தப்பு என்று தள்ளிவிட முடியாது. 2009இல் அமெரிக்காவில் சிறுநீரக நோயாளிகளின் இரும்புச்சத்துக் குறைவுக்காக ஒப்புதல் பெற்ற ஃபெரூமாக்சிடாலும் இரும்பு ஆக்சைடு நானோதுகள்தான். எம்ஆர்ஐக்கு வழக்கமாகப் போடும் துலக்கியில் உள்ள கடோலினியம் என்ற உலோகத்தை ஏற்றத் தயங்கும் நோயாளிகளுக்குச் சில மருத்துவர்கள் இதையே எம்ஆர்ஐ துலக்கியாகவும் ஏற்றுகிறார்கள். அங்கே உறவினர் 'மருந்து' என்று சொன்னால் சரியாகத்தான் சொல்கிறார்.