ரீகேர்வ்: நம் வாயில் எதிர்வளை வில்

வில் ஒன்று வாங்கிப் பழக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் சந்திக்கும் சொல் ‘ரீகேர்வ்’. விலைப்பட்டியலில் அது இருக்கும், பயிற்சிக் காணொளியில் இருக்கும், ஒலிம்பிக் வர்ணனையிலும் இருக்கும். வன்னியில் என்னிடம் வில்லைப் பற்றி விசாரிக்கும் தம்பிமார் சிலர் அதை ஒரு கொம்பனியின் பெயர் என்று நினைத்திருந்தார்கள். இல்லை, அது ஒரு வடிவத்தின் பெயர். அந்த வடிவம் விளங்கிவிட்டால் எந்த வில்லை எடுப்பது என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

சொல்லின் மூலம் இலத்தீன். ‘ரெகுர்வுஸ்’ என்றால் பின்பக்கமாக வளைந்தது. வில்லின் நாணைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் இந்தப் பெயரின் காரணம் தெரியும். சாதாரண வில், நாணைக் கழற்றியதும் ஏறக்குறைய நேரான தடியாகிவிடும். ரீகேர்வில் இரண்டு நுனிகளும் எய்பவரை விட்டு விலகி, இலக்கு இருக்கும் பக்கமாக மடங்கி நிற்கும். நாண் பூட்டிய பிறகும் அந்த மடிப்பு முழுதாக நிமிராது. நுனியிலிருந்து கொஞ்சத் தூரத்துக்கு நாண் வில்லின் தண்டிலே படிந்து கிடக்கும். ஒரு வில் ரீகேர்வா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அந்த இடத்தைப் பார்த்தால் போதும்.

இது தெரியாமல் நடக்கும் ஒரு பிழை உண்டு. கோயில் சுவரிலும் நாட்காட்டியிலும் இராமர் கையில் இருப்பது நாண் பூட்டிய வில். கழற்றிய வில்லை நம்மில் பலர் கண்டதே இல்லை. அதனால் பெட்டியைத் திறந்ததும், நுனி மடங்கியிருக்கும் பக்கம்தான் உட்பக்கம் என்று எண்ணி, நாணைத் தலைகீழாகப் பூட்டிவிடுகிறார்கள். அப்படியே இழுத்தால் தண்டு பிளந்துபோகும், முகத்திலும் அடிக்கும். மடிப்பு எப்போதும் உங்களைப் பார்க்காமல் இலக்கைப் பார்க்க வேண்டும். இதை முதல் நாளே மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மீள்வளைவு, மறுவளைவு, பின்வளைவு என்று பல விதமாகச் சொல்லிப் பார்க்கலாம். ‘மீள்’ என்றால் வளைந்து திரும்பி வருவது என்று தோன்றும். எல்லா வில்லும் அதைத்தான் செய்கிறது. ‘மறு’ என்றால் இன்னொரு தடவை வளைவது போல இருக்கிறது. ‘பின்’ இன்னும் குழப்பம், ஏனென்றால் வில்வித்தையில் இலக்கைப் பார்க்கும் பக்கம்தான் வில்லின் முதுகு, எய்பவரைப் பார்க்கும் பக்கம் வயிறு. பின் என்றால் யாருக்குப் பின்? எனக்குப் பிடித்தது ‘எதிர்வளை வில்’. இழுக்கும்போது வளையும் திசைக்கு எதிர்த்திசையில் ஏற்கெனவே வளைந்திருப்பது என்ற பொருளை அது நேராகச் சொல்லிவிடுகிறது. நுனி மட்டுமன்றித் தண்டு முழுவதும் எதிர்ப்பக்கம் சாய்ந்த வில்லும் இருக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் ‘ரிஃப்ளெக்ஸ்’ என்று வேறு பெயர். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒன்றை நுனி எதிர்வளை என்றும் மற்றதை முழு எதிர்வளை என்றும் சொல்லலாம்.

வளைவைச் சொல்லத் தமிழில் பஞ்சமில்லை. வளை, குனி, கொடு, கோடு, வணங்கு, வாங்கு எல்லாம் வில்லோடு சேர்ந்து வந்த சொற்கள்தாம். வில்லுக்குப் பழைய பெயர்களில் ஒன்று கொடுமரம், அதாவது வளைந்த மரம். ‘சொல்வணக்கம் ஒன்னார்கண் கொள்ளற்க வில்வணக்கம் தீங்கு குறித்தமை யான்’ என்கிறது குறள் 827. பகைவர் பணிவாகப் பேசினால் நம்பாதே, வில் வளைவதும் கெடுதலுக்குத்தான் என்பது பொருள். நாம் தினமும் சொல்லும் வணக்கம் அங்கே வில்லின் வளைவாக நிற்கிறது. சிலை என்பதும் வில்லுக்குப் பழைய பெயர். சிலை என்றொரு மரத்தில் வில் செய்ததால் மரத்தின் பெயரே வில்லுக்கும் ஆயிற்று. கோயிலில் இருக்கும் சிலை, கல்லைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. இரண்டும் வேறு வேறு.

‘வில்’ திராவிட மொழிகளுக்குப் பொதுவான சொல். மலையாளத்திலும் தெலுங்கிலும் வில்லு, கன்னடத்தில் பில்லு. நம் பக்கத்துப் பேச்சில் அது ஆயுதத்தோடு நின்றுவிடவில்லை. மடக்கிக் கைக்குள் வைக்கும் கத்தி வில்லுக்கத்தி. லொறிக்கு அடியில் பாரம் தாங்குவது வில்லுத்தகடு. அந்தத் தகட்டை எடுத்துத்தான் கொல்லர்கள் நல்ல கத்தி அடிக்கிறார்கள். வளைந்து, விசையைத் தேக்கி, திருப்பிக் கொடுக்கும் பொருள் எல்லாம் நமக்கு வில்தான். (வில்பத்துக் காட்டில் இயற்கைக் குளங்களையும் வில்லு என்பார்கள். அது வேறு சொல், இதனோடு சேர்க்க வேண்டாம்.)

எதிர்வளைவு ஏன் வேண்டும் என்பதற்கும் அந்த விசைதான் காரணம். நாணை இழுக்க இழுக்க, மடங்கிய நுனிகள் மெல்ல நிமிர்ந்து, நாண் தண்டை விட்டு எழும்பும். கடைசி அங்குலங்களில் நுனிகள் நெம்புகோலாக வேலை செய்வதால் பாரம் திடீரென்று ஏறாது. அதே நீளமுள்ள நேர்வில்லில் முடிவில் கை முட்டிக்கொண்டு நிற்கும், இதில் வழுவழுப்பாக வரும். ஒரே இழுபாரத்தில் (நாணை இழுக்கும்போது கையில் ஏறும் பாரம்) அதிக ஆற்றல் சேர்வதால் அம்பும் வேகமாகப் போகும். அதற்கு ஈடாக, நாண் திரும்பி வந்து தண்டில் மோதுவதால் கொஞ்சம் சத்தம் போடும். விடும்போது கை முறுக்கினால் அந்தப் பிழையையும் மறைக்காமல் இலக்கில் காட்டிக்கொடுக்கும்.

இந்த வடிவம் புதிதல்ல. பழங்காலக் குதிரைவீரர்களான சீதியர், துருக்கியர், மொங்கோலியர், கொரியர் எல்லோரும் கொம்பும் மரமும் விலங்கின் தசைநாரும் ஒட்டி எதிர்வளை வில் செய்தார்கள். அழுத்தத்தைத் தாங்கும் கொம்பு வயிற்றுப் பக்கம், இழுவையைத் தாங்கும் நார் முதுகுப் பக்கம். திருமாலின் வில்லுக்குச் சார்ங்கம் என்று பெயர். கொம்பு என்று பொருள்படும் ‘சிருங்கம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. சாரங்கபாணி என்றால் அந்தக் கொம்புவில்லைக் கையில் ஏந்தியவர். அப்படிப் பார்த்தால் கொம்புவில் என்ற எண்ணம் நமக்கு ஒலிம்பிக் வழியாக வந்த சரக்கு அல்ல.

ஆனால் இலங்கைக் காடுகளில் நடமாடியது மரவில். வேடர் தங்கள் அம்புக்கு இரும்பு முனை வேண்டும்போது, இரவில் கொல்லன் பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய முனையின் வடிவத்தில் ஓர் இலையை வெட்டிப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போவார்கள் என்று 1681இல் ரொபர்ட் நொக்ஸ் எழுதினார். கண்டி அரசில் பல ஆண்டு கைதியாக இருந்தவர் அவர். 1679இல் அருவியாற்றைப் பிடித்துக்கொண்டு காட்டு வழியே அரிப்புக்குத் தப்பி வந்தது நம் வன்னிப் பக்கமாகத்தான்.

‘பாரம்பரிய வில்’ என்ற பெயரிலும் ஒரு மயக்கம் உண்டு. அது நம் பாட்டன் பூட்டன் வைத்திருந்த வில் என்ற பொருளில் வருவதில்லை. குறிகாட்டி, சமநிலைக் கம்பி, கப்பி எதுவும் இல்லாமல் கண்ணும் கையும் மட்டுமே கொண்டு எய்யும் வில் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் அது. மரபு வில் என்று சொன்னால் அழகாகவும் சுருக்கமாகவும் இருக்கும். ஆங்கிலேயரின் நெடுவில், குதிரைமேலிருந்து எய்யும் குறுவில், எதிர்வளை வில் மூன்றும் இதில் அடங்கும். 1972 மியூனிக்கில் வில்வித்தை ஒலிம்பிக்குக்குத் திரும்பியதிலிருந்து அங்கே எய்வதும் எதிர்வளை வில்தான். ஆனால் 70 மீற்றர் தொலைவுக்கான குறிகாட்டியும் கம்பிகளும் பூட்டியிருப்பதால் அதை மரபு வில் என்று யாரும் சொல்வதில்லை.

இனி இழுபாரம். ‘ட்ரோ வெயிட்’ என்று அட்டையில் இருக்கும். வில்லை இழுப்பதற்குப் பழந்தமிழில் ‘வாங்குதல்’ என்றே பெயர், அதனால் ‘வாங்குவிசை’ என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் இன்று வாங்கு என்றால் ஒருவருக்குக் கடை ஞாபகம் வரும், இன்னொருவருக்கு உட்காரும் வாங்கு ஞாபகம் வரும். ‘இழுவிசை’யைப் பெளதிகத்தில் வேறொன்றுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆகவே இழுபாரம். அளவு இறாத்தலில், பாணுக்குச் சொல்கிற அதே இறாத்தல். வில்லில் எழுதியிருக்கும் எண், நாணை 28 அங்குலம் இழுக்கும்போது கையில் ஏறும் பாரம். உங்கள் இழுப்பு 28 வராவிட்டால் பாரமும் குறையும். இரு கைகளையும் விரித்து நுனிவிரலிலிருந்து நுனிவிரல்வரை அளந்து 2.5ஆல் வகுத்தால் உங்கள் இழுப்பு ஓரளவுக்குத் தெரியும். 65 அங்குலம் விரிந்தால் 26. அவர் கையில் 30 இறாத்தல் வில் சுமார் 25, 26 இறாத்தல்தான்.

எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். மண்வெட்டி பிடித்த தோள், நெல்மூட்டை தூக்கிய முதுகு என்று சொல்லி 45 இறாத்தல் கேட்கிறார்கள். அந்தப் பலம் உண்மையானது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இழுத்த நாணைத் தாடையில் நிறுத்தி, தோள்பட்டை எலும்புகளை நெருக்கி, நடுங்காமல் நிற்பதற்கு வேறு தசைகள் வேண்டும். பாரம் கூடினால் விரல் முன்கூட்டியே விட்டுவிடும், முழு இழுப்பு வராது, அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது பெரிய பாடு. வளர்ந்த ஆளுக்கு முதல் வில் 20 முதல் 25 இறாத்தல். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கைப்பிடி தனி, இரு தண்டுகள் தனி என்று கழற்றிப் பூட்டும் எதிர்வளை வில், 64 அல்லது 66 அங்குல நீளத்தில் எடுத்தால், பலம் கூடும்போது தண்டை மட்டும் மாற்றலாம். 60 அங்குலத்துக்குக் குறைந்த வில் பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் நாண் கூர்மையாக மடிந்து விரலை நெரிக்கும்.

நெடுவில் இரண்டாவதாக வரட்டும். அது அமைதியான வில். நாண் தண்டில் மோதாது, கையின் சின்னப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும், வேகம் கொஞ்சம் குறைவு. மாலை வெயிலில் ஒரு மணித்தியாலம் எய்துகொண்டே இருக்க எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. குறிகாட்டி இல்லாமல், இலக்கை மட்டும் பார்த்து, நாண் தாடையைத் தொட்டதும் விட்டு, அம்பு போய்த் தைக்கும் ஓசையைக் கேட்பதில் இருக்கும் சந்தோஷத்தைச் சொல்லித் தெரியவைக்க முடியாது.

அம்பைப் பற்றிச் சுருக்கமாக: கைப்பிடியின் மேல் நேராக வைத்து எய்வதென்றால் இறகு கட்டிய அம்பே வேண்டும். பிளாஸ்டிக் செட்டை கைப்பிடியில் தட்டி அம்பைத் திருப்பிவிடும். இறகு மடிந்து கொடுக்கும். அம்பின் அடியில் நாண் பொருந்தும் வெட்டுக்குக் குதை என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. வில்நுனியில் நாண் மாட்டும் வெட்டும் விற்குதைதான். ‘நொக்’ என்று தேடி அலைய வேண்டாம். நாண் என்பதன் பழைய வடிவம் ஞாண், கயிறு. குழந்தையின் இடுப்பில் கட்டும் அரைஞாணில் இருப்பதும் அதுவே.

வன்னிக்கென்று சில கவனங்கள் உண்டு. பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழேயோ பூட்டிய வாகனத்துக்குள்ளேயோ வில்லை வைத்தால் தண்டின் பசை இளகிப் படலம் பிரியும். தனி மரத்தில் செய்த வில் மாரியில் ஈரம் குடித்துச் சோர்ந்துபோகும். எய்து முடிந்ததும் அந்த வில்லின் நாணை இறக்கிவிடுங்கள். எதிர்வளை வில்லுக்கு நாண் ஏற்ற, காலுக்குள் விட்டு வளைக்காமல், அதற்கென்று உள்ள கயிற்றைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் நுனி முறுகும். அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் தண்டிலேயே இறங்கி அதை உடைக்கும். பார்க்க வரும் நண்பர் முதலில் செய்யப்போவது இதைத்தான், ஆகவே கையில் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இலக்குக்கு இறுக்கிக் கட்டிய வைக்கல் போதும், அறுவடை முடிந்த வயல் நல்ல இடம். பின்னால் ஆள், மாடு, பாதை எதுவும் இருக்கக்கூடாது. காட்டு உயிர்களைக் குறிவைக்கிற பேச்சே வேண்டாம். பற்றைக்கரையை நோக்கி எய்யாதீர்கள், தவறிய அம்பு உள்ளே போய்விடும். முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கங்களில் மிதிவெடி அகற்றும் வேலை முடியாத துண்டுகள் இன்னும் இருக்கின்றன. அம்பு சிவப்புப் பலகைக்கு அப்பால் விழுந்தால் அது போனதுதான். இன்னொன்று வாங்கலாம், எடுக்கப் போக வேண்டாம்.