கடை வச்சிருக்கவங்களுக்கு வருஷம் 456 ரூபாய்ல இன்சூரன்ஸ், எப்படி வேலை செய்யுது?

சம்பளக்காரங்களுக்கு பிஎஃப், இஎஸ்ஐனு ஏதோ ஒண்ணு பிடிச்சு வச்சிடுறாங்க. டீக்கடை, டெய்லர் கடை, மளிகைனு சொந்தமா நடத்துறவங்களுக்கு ஷட்டர் திறந்தாதான் காசு, ஓனருக்கே ஒண்ணு ஆயிடுச்சுன்னா வருமானம் அன்னைக்கே நின்னுடும், ஆனா வாடகையும் சரக்கு கடனும் நிக்காது. இதுக்கு ஓரளவு கைகொடுக்குற மாதிரி மத்திய அரசு 2015ல மூணு திட்டம் கொண்டுவந்துச்சு. ஜிஎஸ்டி நம்பர், கடை லைசென்ஸ் எதுவும் வேண்டாம், பேங்க்லயோ போஸ்ட் ஆபீஸ்லயோ சேவிங்ஸ் அக்கவுண்ட் இருந்தா போதும்.

முதல்ல ஜீவன் ஜோதி. வருஷம் 436 ரூபாய், 18லேர்ந்து 50 வயசுக்குள்ள சேரணும், கவர் 55 வரைக்கும். ஹார்ட் அட்டாக்கோ காய்ச்சலோ, எதனால இறந்தாலும் நாமினிக்கு 2 லட்சம். ஆனா சேந்த முதல் 30 நாளைக்கு விபத்துல இறந்தா மட்டும்தான் பணம் வரும், வேற காரணத்துக்கு வராது, நடுவுல விட்டுட்டு திரும்ப சேந்தாலும் அந்த 30 நாள் கணக்கு மறுபடி ஆரம்பிக்கும்.

அடுத்தது சுரக்ஷா பீமா, வருஷத்துக்கு வெறும் 20 ரூபாய், 70 வயசு வரைக்கும். விபத்துல இறந்தாலோ ரெண்டு கண்ணு, ரெண்டு கை, ரெண்டு கால் போனாலோ 2 லட்சம், ஒரு கை இல்ல ஒரு கால் போனா 1 லட்சம். லோடு ஏத்த தினமும் பைக்ல, டாடா ஏஸ்ல அலையுறவங்க இதைக்கூட போடாம இருக்கறது எனக்குப் புரியவே இல்ல.

இப்ப முக்கியமான விஷயம். இந்த ரெண்டும் சேத்துதான் அந்த 456 ரூபாய். ரெண்டுமே ஜூன் 1லேர்ந்து மே 31 வரைக்கும்தான், மே கடைசில அக்கவுண்ட்லேர்ந்து தானா பணம் எடுத்துக்குவாங்க. கடைக்காரங்க காசு பூரா கல்லாவுலயும் கரண்ட் அக்கவுண்ட்லயும்தான் ஓடும், சேவிங்ஸ் அக்கவுண்ட் காலியா கிடக்கும், பிரீமியம் போகாது, கவர் போயிடும். அதனால மே மாசம் பாதியிலயே ஒரு 500 ரூபாய் போட்டு வச்சிடுங்க. அப்புறம் ரெண்டு பேங்க்ல சேந்தா 4 லட்சம் வரும்னு நினைக்காதீங்க, ஒரு ஆளுக்கு ஒரு கவர்தான், ரெண்டாவதா கட்டின காசு வீண்.

மூணாவது அடல் பென்ஷன். 18-40 வயசு, வருமான வரி கட்டுறவங்களா இருக்கக்கூடாது. 60க்கு அப்புறம் மாசம் 1000லேர்ந்து 5000 வரை, 30 வயசுல சேந்து 5000 வேணும்னா மாசம் 577 ரூபாய் கட்டணும். சீசன் வியாபாரம்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவை கட்டுற ஆப்ஷன் இருக்கு, அதை எடுங்க. 60 வயசு வர்றப்போ 5000க்கு என்ன மதிப்பு இருக்கும்ங்கறது வேற விஷயம், இதை மட்டும் நம்பி இருக்காதீங்க.

கால் உடைஞ்சு ரெண்டு மாசம் கடை பூட்டிக் கிடந்தா இந்த மூணுல எதுவும் ஒரு பைசா தராது. அதுக்கு மூணு மாச வாடகையும் வீட்டுச் செலவும் தனியா இருக்கணும், கடன் பெருசுன்னா தனியா ஒரு டேர்ம் பாலிசியும் (பாலிசி காலத்துக்குள்ள இறந்தா மட்டும் குடும்பத்துக்குப் பணம் தர்ற இன்சூரன்ஸ்).

கிளைம் பண்றது பிரீமியம் போற அதே பேங்க் கிளையில, ஃபார்ம், இறப்புச் சான்றிதழ், நாமினியோட ஆதார், பாஸ்புக் கேப்பாங்க. விபத்துன்னா எஃப்ஐஆர், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டும் வேணும். எந்த பேங்க்ல இருக்குன்னு வீட்ல தெரியாட்டி கேக்கவே ஆள் இருக்காது, பாஸ்புக்ல பிரீமியம் போன பக்கத்தை இன்னைக்கே வீட்டம்மாகிட்ட காட்டிடுங்க.