பி.சி.ஆர். மனு எழுதும்போது

கடலூரில் பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மீதான வன்கொடுமை வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் நான். யார் வந்தாலும், ஸ்டேஷனில் கொடுத்த வன்கொடுமைப் புகாரின் (பேச்சுவழக்கில் பி.சி.ஆர். மனு) நகலைத்தான் முதலில் கேட்பேன். பல வழக்குகள் அந்த ஒரு தாளிலேயே தோற்றுவிடுகின்றன.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புத் தொழிலாளி ஒருவரின் மனுவில் "தகாத வார்த்தைகளால் திட்டி மிரட்டினார்" என்று மட்டும் இருந்தது. நடந்தது என்ன? டீக்கடை வாசலில், ஆட்கள் பார்க்க, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி, "எங்க தெருவுல வண்டியில உக்காந்தே போவியா" என்று கேட்டிருக்கிறார்கள். எதுவும் தாளில் ஏறவில்லை. "அதெல்லாம் எழுதினா அசிங்கமா இருக்கும்னு சொன்னாங்க சார்" என்றார். கையில் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு மட்டும்; எஃப்.ஐ.ஆர். இல்லை. மறுநாளே ராஜி பேசக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அசிங்கம் திட்டியவருக்குத்தான், திட்டு வாங்கியவருக்கு அல்ல. சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். எந்த இடம், யார் யார் பார்த்தார்கள், இரு தரப்பும் என்ன சாதி என்பதையும் சேருங்கள். பிறர் பார்க்கும்படியான இடத்தில் நடந்திருந்தால்தான் இழிவுபடுத்தல் பிரிவு நிற்கும். நாலு சுவருக்குள், வெளியாள் இல்லாமல் நடந்தது அதில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது.

1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு பலருக்குத் தெரிவதில்லை. வாய்மொழியாகச் சொன்ன புகாரைப் போலீஸ் எழுதிக்கொண்டால் அதை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். வேண்டுமென்றே இதைத் தட்டிக்கழிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. எஃப்.ஐ.ஆர். போட, முதல்கட்ட விசாரணை முடியட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. 2018-இல் சேர்த்த 18-ஏ பிரிவு அதைத் தெளிவாக்கிவிட்டது.

முதல் தாள் பொய்யானால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. 2003-இல் விருத்தாசலம் அருகே, சாதி மீறி மணந்துகொண்ட கண்ணகியும் பட்டியல் சாதியைச் சேர்ந்த முருகேசனும் கொல்லப்பட்டார்கள். உள்ளூர்க் காவல் துறை, முருகேசனைப் பறிகொடுத்த உறவினர்களையே குற்றவாளிகளாகச் சேர்த்தது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது 2021 ஆகிவிட்டது. தண்டிக்கப்பட்ட 13 பேரில் இருவர் காவல் துறையினர். ஒரு குடும்பம் 18 ஆண்டு அலைந்தது. இன்றும் அந்த வழக்குக் கட்டைப் புரட்டினால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

ஸ்டேஷனில் மனு வாங்க மறுத்தால், புகாரை எழுதி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கை விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி. பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் நிவாரணத் தொகையில் ஒரு பங்கை எஃப்.ஐ.ஆர். கட்டத்திலேயே கேட்கலாம், தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டாம். வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று ராஜிக்குத் தலையாட்டிவிடாதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள்.