சிக்கன் சூப்தானே குடித்தேன், டாக்டர்!

சில மாதங்களுக்கு முன் ஒரே நாளில் இரண்டு பேர். இருவரும் என்னிடம் சொன்னது ஒன்றேதான்: "டாக்டர், எனக்கு அஜினமோட்டோ ஒத்துக்காது." இதை இன்னும் ஒருமுறை கேட்டால் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேறு பிழைப்புப் பார்க்கப் போய்விடலாம் போலிருக்கிறது. போக முடியாது என்பதால் எழுதுகிறேன்.

முதலாமவருக்கு வயது நாற்பதை ஒட்டி இருக்கும். அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து என்னைக் கூப்பிட்டபோது, அட்ரினலின் ஊசி போட்டு, காலை உயர்த்தி வைத்துப் படுக்கவைத்திருந்தார்கள். இரண்டு கண்ணிமைகளும் வீங்கிப் பார்வையை மறைத்தன. கழுத்திலிருந்து தொப்புள்வரை சிவந்த தடிப்புகள். வந்து சேர்ந்தபோது இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 80-ஐத் தாண்டவில்லையாம். நண்பர்களோடு ஒரு தாய்லாந்து உணவகத்துக்குப் போய் தோம் யாம் சூப் குடித்திருக்கிறார். ஆர்டர் கொடுக்கும்போதே "அஜினமோட்டோ போடவே கூடாது" என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். உணவகத்தாரும் சொன்ன சொல் தவறாமல் அதைப் போடவில்லை. பாதிக் கிண்ணம் காலியாவதற்குள் உள்ளங்கை அரித்திருக்கிறது. பிறகு வயிற்றைப் புரட்டியிருக்கிறது. கை கழுவப் போனவர் வாஷ்பேசின் பக்கத்திலேயே சரிந்திருக்கிறார்.

மறுநாள் காலை வார்டில் பேசினோம்.

"நான் குடிச்சது சிக்கன் சூப்தானே டாக்டர்? பொய் சொல்லி அதைப் போட்டுட்டாங்க."

"இறால் சாப்பிடுவீங்களா?"

"சின்ன வயசுலேர்ந்தே பிடிக்காது."

"ஏன் பிடிக்காது?"

கொஞ்சம் யோசித்தார். "சாப்பிட்டா நாக்கு நமநமன்னு இருக்கும். தொண்டை ஒரு மாதிரி கரகரக்கும்."

என் துறையான ஒவ்வாமை மருத்துவத்தில் இருக்கும் இளம் மருத்துவர்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளி ஓர் உணவைப் "பிடிக்காது" என்று சொன்னால் அங்கேயே விட்டுவிடாமல் ஏன் என்று கேளுங்கள். உடம்பு முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் நாக்கின் ருசி என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

தோண்டத் தோண்டக் கதை வந்தது. இது நான்காவது முறை. லக்சா நூடுல்ஸ் சாப்பிட்டு ஒருமுறை உடம்பெல்லாம் தடிப்பு. தாய்லாந்து நூடுல்ஸான பாட் தாய் சாப்பிட்டு ஒருமுறை தடிப்போடு வாந்தி. இந்தோனேசிய வறுத்த சோறான நாசி கோரெங் சாப்பிட்டு ஒருமுறை மூச்சு இழுப்பு. மூன்று தடவையும் பழி அஜினமோட்டோ மேல். அக்கம்பக்கத்தார் சொல்லி இவர் நம்பியிருந்தால்கூட மன்னிக்கலாம். அவர் கொண்டுவந்த பழைய கோப்பின் முதல் பக்கத்தில், என் தொழிலைச் சேர்ந்த ஒருவரே சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "அஜினமோட்டோ அலர்ஜி." பரிசோதனை எதுவும் செய்யவில்லை. போகும்போது அரிப்புக்கான செட்டிரிசின் மாத்திரை ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்.

இந்த அஜினமோட்டோ விஷயத்தை ஒரேயடியாகப் பேசித் தீர்த்துவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் கிக்குனாயே இக்கேதா என்ற வேதியியல் பேராசிரியர், கொம்பு என்னும் கடற்பாசியில் கொதிக்கவைத்த சாற்றின் ருசி எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து 1908-இல் குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தவரும் அவரே. அடுத்த ஆண்டே அது அஜினமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதே குளூட்டமேட் தக்காளியில் இருக்கிறது, பாலாடைக்கட்டியில் இருக்கிறது, தாய்ப்பாலில் இருக்கிறது. நம் உடம்பே அதைத் தயாரிக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றுக்கு எதிராக உடம்பு அலர்ஜியைக் கிளப்பும் ஐஜிஇ எதிர்ப்பொருளை உருவாக்கி, தடிப்பை வரவழைத்து, இரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளுவது என்பது நடக்காத காரியம். உணவில் ஐஜிஇ பிடித்துக்கொள்வது பெரும்பாலும் புரதத்தைத்தான். இது ஒற்றை அமினோ அமிலத்தின் உப்பு.

அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? 1968-இல் ராபர்ட் ஹோ மான் குவாக் என்ற மருத்துவர் ஓர் அமெரிக்க மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். சீன உணவகத்தில் சாப்பிட்டால் பிடரி மரத்துப்போகிறது, படபடக்கிறது, சோர்வாக இருக்கிறது, காரணம் என்னவாக இருக்கும் என்று கேட்டிருந்தார். சோயா சாஸாக இருக்கலாம், சமையலில் ஊற்றும் மதுவாக இருக்கலாம், அஜினமோட்டோவாக இருக்கலாம், அதிக உப்பாக இருக்கலாம் என்று அவரே அடுக்கியும் இருந்தார். உலகம் அந்த வரிசையிலிருந்து ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. தங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொன்ன 130 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஓர் ஆய்வு 2000-இல் வெளியானது. எது அஜினமோட்டோ, எது போலி என்று கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. வெறும் வயிற்றில் 5 கிராம்வரை கொடுத்தார்கள். திரும்பத் திரும்பச் சோதித்தபோது விளைவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. உணவோடு சேராமல் 3 கிராமுக்கு மேல் போனால் சிலருக்குத் தற்காலிகமாகத் தலைவலியோ முகச் சிவப்போ வரலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு தட்டு உணவில் சேர்ப்பது பெரும்பாலும் அரை கிராமைக்கூட எட்டாது. தலை வலித்தால் அஜினமோட்டோவைத் திட்டுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. தடிப்பு வந்தால், உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால் அதைத் திட்டிவிட்டு வீட்டில் படுத்துவிடாதீர்கள். குற்றவாளி அதே கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறான், நீங்கள் பக்கத்து வீட்டுக்காரனைப் பிடித்துப் போலீசில் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, சிக்கன் சூப்பில் இறால் எங்கிருந்து வந்தது?

தாய்லாந்து மொழியில் குங் என்றால் இறால், கை என்றால் கோழி. இவர் வாங்கியது தோம் யாம் கை. மேலே மிதந்தது கோழிதான். ஆனால் அந்தச் செக்கச்சிவந்த எண்ணெய்ப் படலத்துக்குக் காரணமான நாம் ப்ரிக் பாவ் என்ற மிளகாய் விழுது இருக்கிறதே, அதில் சுட்ட மிளகாயோடும் வெங்காயம், பூண்டோடும் பெரும்பாலும் உலர்ந்த கூனி இறாலை வறுத்து அரைத்திருப்பார்கள். அல்லது கப்பி என்ற புளித்த இறால் விழுது சேர்ந்திருக்கும். இரண்டுமே இருப்பதும் உண்டு. அது போதாதென்று, பரபரப்பான சமையலறையில் இறால் தலைகளை வேகவைத்த சாறு ஒரே பானையில் கொதித்துக்கொண்டிருக்கும். கோழி கேட்டவருக்கும் காளான் கேட்டவருக்கும் அதிலிருந்துதான் ஒரு கரண்டி.

அவருடைய பழைய மூன்று உணவுகளையும் இப்போது பாருங்கள். லக்சாவின் மசாலாவில் பெலாச்சான் என்ற இறால் விழுதும் உலர்ந்த இறாலும் அரைபடும். பாட் தாயில் உலர்ந்த இறாலும் தூவப்படும், வேர்க்கடலையும் தூவப்படும். நாசி கோரெங்கில் தெராசி, அதுவும் இறால் விழுதுதான். நாலு தட்டிலும் ஒரே ஆள்.

இந்தத் திசை உணவுகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானே தோம் யாம் பைத்தியம். அந்த எலுமிச்சைப்புல் வாசனைக்கு ஈடு கிடையாது. சொல்ல வந்தது, இந்தச் சூப்புகளின் உயிர் மிதக்கும் துண்டுகளில் இல்லை, சாற்றில் கரைந்திருக்கிறது என்பதுதான். ஜப்பானிய மிசோ சூப்பைப் பார்த்தால் டோஃபு, கீரை, கடற்பாசிதான் தெரியும். அதன் அடிச்சாறான தாஷி, பெரும்பாலும் சூரை மீனை அவித்துப் புகைபோட்டு மரக்கட்டைபோல் இறுகவைத்த கருவாட்டைச் சீவிப் போட்டு இறக்கியது. சைவர்களும் கவனிக்க. வியட்நாமின் ஃபோவும் பூன் போ ஹ்வேயும் மாட்டெலும்புச் சாற்றில் நூடுல்ஸ் போட்டவைதான், தெரியாதவர் கண்ணுக்கு அக்கா தங்கை. ஃபோவில் மீன் சாஸ் இருக்கும். மற்றதில் மாம் ருவோக் என்ற இறால் விழுதே கரைந்திருக்கும். மீன் மட்டும் ஒத்துக்கொள்ளாதவர், இறால் மட்டும் ஒத்துக்கொள்ளாதவர் என்று இரண்டு தனித்தனிக் கூட்டம் உண்டு, புரதங்களே வேறு. ஆகவே "கடல் உணவு அலர்ஜி" என்று மொத்தமாகச் சொல்லிக்கொண்டு திரியாமல் எது என்று பரிசோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள். கொரியக் கிம்ச்சியிலும் பெரும்பாலும் உப்பில் ஊறிய குட்டி இறால் இருக்கும். எக்ஸ்ஓ சாஸ் என்று மெனுவில் பார்த்தால் உலர்ந்த இறால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று வந்த இரண்டாமவரை இங்கே சேர்த்துவிடுகிறேன். அந்த அம்மாவுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்று ஏற்கனவே தெரியும். "இறாலையெல்லாம் பொறுக்கி ஓரமா வச்சுட்டுத்தான் டாக்டர் சூப்பைக் குடிச்சேன், சும்மா தண்ணிதானே" என்றார். எந்த இறால் அந்தத் தண்ணீரில் வெந்ததோ அதைத்தான் ஓரம் வைத்திருக்கிறார். இறாலின் முக்கிய ஒவ்வாமைப் புரதம் ட்ரோபோமையோசின். அது வெந்தாலும் சிதையாது, கொதிக்கும் நீரில் நன்றாகக் கரையும். சோதனைக்கு நாங்களே அவித்த இறாலின் சாற்றைப் பயன்படுத்துவோம். நாங்கள் ஊசிமுனையில் தொட்டுக் குத்துவதை அவர் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு வந்திருக்கிறார். இவரும் எதற்கு அஜினமோட்டோவைச் சொன்னார் என்று கேட்காதீர்கள். "தண்ணிதானே குடிச்சேன், அப்ப அதாத்தான் இருக்கணும்" என்பது அவருடைய கணக்கு.

"இத்தனை நாள் ஒன்றும் செய்யவில்லையே" என்பார்கள். இறால், நண்டு ஒவ்வாமை பலருக்குப் பெரியவர்களான பிறகே தலைகாட்டும். போன தடவை வெறும் அரிப்போடு போனது இந்தத் தடவையும் அப்படியே போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சாப்பிட்ட கையோடு ஓடினால், மது குடித்திருந்தால், வலி மாத்திரை போட்டிருந்தால் அதே அளவே ஆளைச் சாய்க்கலாம். (சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைக் குளிரில் வைக்காமல் விட்டால் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் பெருகி, அதைச் சாப்பிட்டவருக்கு அலர்ஜி போலவே முகம் சிவந்து தடிக்கும். அது நஞ்சு, அலர்ஜி அல்ல. ஒரே மேசையில் நாலு பேருக்கும் வந்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் முதலில் வரும்.)

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உணவகத்தில் "இறால் இருக்கா?" என்று கேட்காதீர்கள், "இல்லை" என்றே பதில் வரும். பரிமாறுபவர் கிண்ணத்தில் மிதப்பதைத்தான் நினைப்பார். "சூப்பின் அடிச்சாறு எதில் வெந்தது? விழுதில் கூனியோ இறாலோ மீன் சாஸோ சேருமா? பாட்டிலின் லேபிளைக் காட்ட முடியுமா?" என்று கேளுங்கள், அதுவும் சமையற்காரரிடம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2014 டிசம்பர் முதல் 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி உணவகங்கள் தகவல் சொல்லியே ஆக வேண்டும். அங்கே தயங்காமல் கேளுங்கள். மொழி தெரியாத நாட்டுக்குப் போனால், உங்களுக்கு ஒத்துக்கொள்ளாததை அந்த நாட்டு மொழியில் ஒரு அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்துவிடுங்கள். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. பொரித்ததும் வேண்டாம், இறால் அப்பளம் பொரித்த எண்ணெயில்தான் உங்கள் காய்கறி ஸ்பிரிங் ரோலும் பொரியும்.

ஏற்கனவே ஒருமுறை மூச்சு இழுத்தோ மயங்கியோ விழுந்தவர்கள் அட்ரினலினைக் கையோடு வைத்திருங்கள். காரில் வேண்டாம், வீட்டுப் பீரோவில் வேண்டாம், கையோடு. செட்டிரிசின் அரிப்பை அடக்கும், சரியும் இரத்த அழுத்தத்தைத் தூக்காது. தொடையின் வெளிப்பக்கத் தசையில், தேவைப்பட்டால் பேண்ட் துணிக்கு மேலேயே குத்துங்கள். ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது. ஊசி என்றாலே பயம் என்பவர்களுக்காக, மூக்கில் அடிக்கும் அட்ரினலினுக்கு 2024-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. உங்களுக்குக் கிடைக்குமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். விழுந்தவரை எழுப்பி நடக்கவைக்காதீர்கள், வாந்தி எடுக்கக் கழிப்பறைக்கு அழைத்துப் போகாதீர்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத்திணறினால் மட்டும் சாய்த்து உட்காரவைக்கலாம். தேறிவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போய்ச் சில மணி நேரம் இருங்கள், தயவுசெய்து. அடங்கியது மறுபடி கிளம்பும்.

சில வாரம் கழித்து முதலாமவர் சோதனைக்கு வந்தார். முன்கையில் துளித்துளியாக வைத்துக் குத்தினேன்: ஒப்பிட்டுப் பார்க்க உப்புநீரும் ஹிஸ்டமினும், பிறகு இறால், நண்டு, மீன், வேர்க்கடலை. பதினைந்து நிமிடம் பொறுக்க வேண்டும். இறால் துளி வைத்த இடம் ஐந்தாவது நிமிடத்திலேயே கொசுக்கடிபோல் எழும்பி, கிளைவிட்டுப் பரவத் தொடங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நண்டு வைத்த இடமும் பின்னாலேயே எழும்பியது. மீன் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. வேர்க்கடலையிலும் ஒன்றுமில்லை.

பழைய கோப்பை எடுத்து அந்தச் சிவப்பு வரியை அடித்துவிட்டு "இறால், நண்டு" என்று எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்போ அஜினமோட்டோ இருக்குன்னு மூணு வருஷமா வீட்டுல சிப்ஸே வாங்க விடலையேப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அடுத்த நோயாளியின் கோப்பைப் பிரித்தேன்.