வைட்டமினுக்கு வால் ஒட்டின கதை

பட்டர்வொர்த்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க: "என் மகனுக்கு மூணு மாசம், பித்தக்குழாய் அடைப்பு, டாக்டர் கொடுத்த வைட்டமின் ஈ சொட்டு தண்ணியில கரைஞ்சிடுதே, அது எண்ணெய்ல தானே கரையும்னு படிச்சோம், இது போலியா அண்ணே?" போலி இல்லம்மா.

ஏ, டி, ஈ, கே நாலும் கொழுப்புல கரையுறது, அது ஸ்கூல் பாடம், விடுங்க. ஆனா குடல் சுவரை ஒட்டி அசையாத தண்ணிப் படலம் ஒண்ணு இருக்கு, எண்ணெய்த் துளி அதைத் தாண்டாது. நாசி கண்டார் சாப்பிட்ட தட்டை வெறும் தண்ணியில கழுவிப் பாருங்க, குழம்பு எண்ணெய் விரல்ல வழுக்கிட்டே இருக்கும், ரெண்டு சொட்டு சோப்பு விட்டா போயிடும். உடம்போட சோப்பு பித்த உப்பு. அதுக்கு ஒரு பக்கம் கொழுப்பைப் பிடிக்கும், மறுபக்கம் தண்ணியைப் பிடிக்கும், நிறைய சேர்ந்தா சில நானோமீட்டர் அளவு உருண்டை ஆகிடும், பேரு மைசெல், அதுக்குள்ள ஏறித்தான் வைட்டமின் சுவர் வரைக்கும் போகுது.

இந்தப் புள்ளைக்கு பித்தமே குடலுக்கு வரல. சாதா எண்ணெய் மருந்தை எவ்வளவு ஊத்தினாலும் முக்கால்வாசி பாம்பர்ஸுக்குத்தான். கே குறைஞ்சா ரத்தம் உறையாது, டி குறைஞ்சா எலும்பு, ஈ ரொம்ப நாள் குறைஞ்சா நரம்பு கெட்டு நடை தள்ளாடும்.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச குறும்பு! வைட்டமின் ஈ கூட நடுவுல சக்சினிக் அமிலத்தை வச்சு, தண்ணிய விரும்புற பாலிஎதிலீன் கிளைகால்னு ஒரு நீள வாலைத் தச்சு விட்டாங்க. தலை எண்ணெய், வால் தண்ணி, அதாவது வைட்டமினே சோப்பு ஆகிடுச்சு, பஸ்ஸுக்குக் காத்திருந்த ஆளே பஸ்ஸா மாறின மாதிரி, பித்தம் இல்லாமலே தானா உருண்டை கட்டுது, கூடவே டி-யைக் கலந்து கொடுத்தா அதையும் ஏத்திக்கிட்டுப் போகுது. உள்ள போனதும் வால் அறுந்து ஈ தனியா நிக்கும். இதை 1950கள்லயே செஞ்சுட்டாங்க, ஐரோப்பாவுல இந்த மாதிரி புள்ளைங்களுக்கு மருந்தா அனுமதி கிடைச்சது 2009ல. முகக் க்ரீமா இருந்தா காசு கொட்டியிருப்பாங்க, அபூர்வ நோய்க்கு யாரு போடுவா.

ஆனா டோஸை நீங்களா கூட்டாதீங்க, ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் மாத்துவாங்க.

இன்னொண்ணு, காமாலைக்கு வேர் கட்டுறோம்னு நாளைக் கடத்துறவங்க மேல எனக்குக் கோவமே வரும், பித்தம் வடிய வழி பண்ற 'கசாய்'ங்கிற ஆபரேஷனைப் புள்ளை பிறந்து 60 நாளுக்குள்ள செஞ்சா பலன் அதிகம். மலத்துக்கு மஞ்சள் கொடுக்கிறதே பித்தம்தான். புள்ளை பிறந்து ரெண்டு வாரம் தாண்டியும் கண்ணு மஞ்சளா இருந்து, வெளிய போறது தோசை மாவு மாதிரி வெளுத்திருந்தா, போட்டோவுல கலர் மாறிடும், அந்த பாம்பர்ஸையே மடிச்சு அன்னைக்கே கிளினிக்குக்குக் கொண்டு போங்க.