டனல்: சுரங்கமா, சுருங்கையா?

கடல்நீரைக் குளிர்விப்புக்காக மின்நிலையத்துக்குக் கொண்டுவரும் டனலைச் செய்திகளில் 'சுரங்கம்' என்றே எழுதுகிறார்கள். நெய்வேலியில் நிலக்கரி வெட்டுவதும் சுரங்கம்தான். குழப்பம் அங்கே தொடங்குகிறது.

பழைய பிரெஞ்சில் 'டோனல்' என்றால் பீப்பாய். ஆங்கிலத்துக்கு வந்ததும் முதலில் கவுதாரி பிடிக்கும் குழல் வடிவ வலைக்குத்தான் அது பெயரானது. நிலத்தடி வழி என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில் வந்தது.

நம்மிடம் 'சுருங்கை' இருக்கிறது. மணிமேகலையில் வஞ்சி நகர மகளிர் கூந்தல் கழுவிய நீர் 'சுருங்கைத் தூம்பு' வழியே ஓடுகிறது. குழலைக் குறிக்கும் கிரேக்கச் 'சிரிங்ஸ்'தான் இதன் மூலம் என்பார் உண்டு. இருக்கட்டுமே, நீர் போகும் மறைவழிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

கல்பாக்கம் சென்னை அணுமின் நிலையத்தின் சுருங்கை 468 மீட்டர் நீளம், 3.8 மீட்டர் விட்டம். கடலில் ஒரு செங்குத்துக் கிணறு, கரையில் இன்னொன்று. இரண்டின் அடியையும் ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்தில் சுருங்கை இணைக்கிறது. வினாடிக்கு 35 கனமீட்டர் நீர் மட்ட வேறுபாட்டாலேயே வந்து சேரும்; பம்புக்கு வேலை கரைக்கிணற்றிலிருந்துதான். கடல் ஏறினால் கிணறும் ஏறும். 2004 சுனாமியில் பம்ப் அறைக்குள் நீர் புகுந்தது இந்த வழியாகத்தான்.

அன்றாடத் தொல்லை பச்சை மட்டி. சுவரில் ஒட்டி வளர்ந்தால் உராய்வு கூடும், கரைக்கிணற்றின் மட்டம் இறங்கும், பம்பு காற்றை இழுக்கும். உதிர்ந்த ஓடு, நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சரின் குழாயில் போய்ச் சிக்கும். குளோரினை விட்டுவிட்டுச் செலுத்திப் பயனில்லை. மட்டி நாட்கணக்கில் தன் ஓடுகளை மூடிக்கொண்டு காத்திருக்கும். குறைந்த அளவாயினும் இடைவிடாமல் செலுத்த வேண்டும்.

கட்டும்போது ஆபத்தான இடம் கிணறும் சுருங்கையும் சேரும் மூட்டு. இங்கிலாந்தின் ஹிங்க்லி பாயின்ட் சி அணுமின் நிலையத்தில் உள்ளெடுப்புச் சுருங்கைகள் இரண்டு, ஒவ்வொன்றும் சுமார் 3.5 கிலோமீட்டர். கடல்நீர் உள்ளே புகும் வாயான, 5,000 டன்னைத் தாண்டும் கான்கிரீட் முகப்புகளை 2022இல் மிதவைக் கிரேன்கள் கடலடியில் இறக்கின. முகப்பின் கீழுள்ள கிணற்றுக்கும் சுருங்கைக்கும் இடையே பக்கவாட்டில் குறுவழி வெட்ட வேண்டும். இத்தகைய வேலையில் முதலில் ஆய்வுத்துளை போட்டுப் பார்ப்பார்கள். நீர் கசிந்தால் விரிசலில் சிமென்ட் கூழ் ஏற்றுவார்கள். பிறகே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டு. சுருங்கையை மெல்ல நிரப்பி இருபக்க அழுத்தத்தையும் சமன்செய்யாமல் கிணற்று மூடியைத் திறக்கக் கூடாது.

இந்தக் குறுவழிக்கு 'அடிட்' என்று பெயர். அது மலைச்சரிவிலிருந்து சுரங்கத்துக்குள் நுழையும் வழியையும் குறிப்பதால் 'நுழைவழி' என்று மொழிபெயர்க்கிறார்கள். இங்கே யாரும் எங்கும் நுழைவதில்லை. 'இணைப்புச் சுருங்கை' என்பதே சரி.